சாமந்தி ஆகாத வீடு

அத்தியாயம் 17

பதினாலு வருஷமாக அந்த வீட்டு வாசலைச் சாமந்தி தாண்டியதில்லை.

கிறிஸ்துமஸ் வரும், ஈஸ்டர் வரும், பூக்காரி கூடையோடு வந்து கூவுவாள். இருதயராஜ் உள்ளே இருந்தபடியே, "சாமந்தி வேணாம், வேற எது இருந்தாலும் குடு" என்பார். ஏன் என்று கேட்டால் பதில் வராது. மனுஷனுக்கு ஒரு பூ பிடிக்கவில்லை, அதற்கு விசாரணைக் கமிஷனா வைப்பது என்று மனைவி சவுரியம்மாளும் விட்டுவிட்டாள். மார்ச் மாதம் அவர் கண்ணை மூடியபோதுகூட ரோஜா மாலைதான் வாங்கினார்கள்.

காரணம் என்னவென்று மகள் ஷர்மிளாவுக்குப் போன வியாழக்கிழமைதான் தெரிந்தது. அதுவும் மாலை வகுப்பில்.

ஆம்பூர் பஜாரில் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை அறையில், வாரத்தில் நாலு நாள் ஜஹீருன்னிசா மிஸ் இத்தாலியும் ஸ்பானிஷும் சொல்லிக்கொடுக்கிறார். தோல் கம்பெனி வேலையில் இருந்த கணவரோடு இத்தாலியிலும் மெக்சிகோவிலும் பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவர். பாடத்தின் நடுவே சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இத்தாலிக்காரங்க வீட்டுக்குப் போனா சாமந்தி மட்டும் கொண்டு போயிடாதீங்க. அங்க அது கல்லறைக்குப் போற பூ. உயிரோட இருக்கிறவங்க கையில குடுத்தா, 'எப்ப சாவப் போற'ன்னு கேக்குற மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். ஷர்மிளாவின் பேனா மட்டும் நின்றுவிட்டது.

வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. அதில் அப்பா; அவர் பக்கத்தில் ரெனாத்தோ, பூட்ஸ் மாடல் செய்து காட்ட வருஷம் இரண்டு முறை இத்தாலியிலிருந்து வந்து போன டெக்னீஷியன்; நடுவில் அவர் மனைவி லூச்சியா. லூச்சியாவின் கழுத்தில் முழங்கால் வரை தொங்கும் மஞ்சள் சாமந்தி மாலை. கட்டியது சவுரியம்மாள், நாரின் நுனியைப் பிடித்துக்கொடுத்தது லூச்சியா. போட்டது இருதயராஜ்.

மறுநாளே, அப்பா வேலை பார்த்த ஷூ பேக்டரியின் மேனேஜர் காசிநாதனிடம் போய் லூச்சியாவைப் பற்றிக் கேட்டாள். அவர் யோசித்துச் சொன்னார். "அந்தம்மா ஊருக்குப் போன ரெண்டாம் மாசமே தவறிட்டாங்கம்மா. நான்தான் உங்கப்பாகிட்ட சொன்னேன். அந்தச் சமயத்துல வந்த இன்னொரு இத்தாலிக்காரன் அந்த போட்டோவப் பாத்துட்டு பூவப் பத்தி ஏதோ சொன்னான். உங்கப்பா மூஞ்சியே செத்துப்போச்சு. 'வீட்ல மட்டும் சொல்லாதீங்க சார்'னாரு. ரெனாத்தோவும் அப்புறம் வரவே இல்ல."

ஆக, ஒரு மாலையால் ஒரு உயிர் போனது என்று அப்பா நினைத்திருக்கிறார். அதைக் கட்டிய கைக்குத் தெரியக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

பதினாலு வருஷம் கழித்து, இந்தத் திங்கட்கிழமை ரெனாத்தோ மறுபடியும் ஆம்பூருக்கு வருகிறார். கூட மெக்சிகோக்காரி டிசைனர் ஒருத்தி; இரண்டு பேர் பேச்சையும் மொழிபெயர்க்கப் பேக்டரியில் ஷர்மிளாவைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஷர்மிளாவுக்கு அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. அவர் அப்பாவைப் பழித்தாரா, இல்லையா?

திங்கட்கிழமை நவம்பர் இரண்டாம் தேதி. கல்லறைத் திருநாள்.

*

"ஷர்மி, இன்னா பூ கட்டட்டும்?"

சவுரியம்மாள் காலையிலேயே தலை குளித்து, தண்ணீரில் நனைத்த வாழைநாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேக்டரியில் ஷூவின் மேல்தோலைத் தைக்கும் அப்பர் லைனில் இருபத்திரண்டு வருஷம் ஓடிய விரல்கள். லீவு போட்ட நாளிலும் சும்மா இருக்கத் தெரியாது.

"ஊர்ல அத்தினி கல்லறைக்கும் சாமந்திதான் போவும். உங்கப்பாவுக்குத்தான் அது ஆவாதே. மல்லி போட்டா வெயில்ல வதங்கிடும். நீ சொல்லு."

ஷர்மிளா செருப்பு வாரை மாட்டிக்கொண்டே நின்றாள். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. அம்மாவின் விரலைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"சாயந்திரத்துக்குள்ள சொல்றேம்மா."

"பூவுக்கும் ஒரு நாள் வாய்தாவா? நோட்டுல எழுதி, கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டுதான் சொல்லுவியா?"

"அம்மா..."

"நாலு மணிக்கு பாதர் மந்திரிக்க வர்றாரு. அதுக்குள்ள வந்துடு. மொத வருஷம்டி. எவன் வந்தா இன்னா, போனா இன்னா."

வாசலில் ஹாரன் அடித்தது. அண்ணன் ஜெயசீலன். விடியற்காலை மாதனூர் பக்கம் போய்ப் பெண்களை ஏற்றிவந்து பேக்டரியில் இறக்கிவிட்டு, அதன் பிறகு கம்பெனி காரை ஓட்டுவது அவன் வேலை.

"ஏய் பண்டிதரே, ஏறு. வெள்ளைக்காரன் வர்றதுக்குள்ள நீ போவணும், அவன் வந்தப்புறம் போறதுக்கு எதுக்கு உனக்கு கிளாசு?"

காரில் ஏறியதும் வழக்கம்போல் நோட்டைத் திறந்தாள். அது முதலில் ஜெயசீலனுடைய நோட்டு. பள்ளிக்கூட நாளில் தபால்தலை ஒட்டிவைத்தது. முதல் பக்கத்தில் மூன்று இத்தாலித் தபால்தலைகள், ஒன்றுக்கொன்று இடைவெளி பிசகாமல். அதோடு அவனுக்கு ஆசை விட்டுப்போயிற்று. மிச்சப் பக்கங்கள் வீணாகக் கூடாது என்று ஷர்மிளா பரணிலிருந்து எடுத்துத் தூசு தட்டிக்கொண்டாள். இத்தாலி என்றால் அவளுக்கு முதலில் நினைவு வருவது அந்த மூன்று தபால்தலைகள்தான். அப்பா கொண்டுவந்து கொடுத்திருப்பார்.

அடுத்த பக்கத்திலிருந்து அவள் கையெழுத்து. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு. இடப்பக்கம் இத்தாலி, வலப்பக்கம் ஸ்பானிஷ்.

'இத்தாலி: பால் விட்ட காபி காலையில் மட்டும். மெக்சிகோ: சாயங்காலமும் குடிப்பார்கள், கூட இனிப்பு ரொட்டி.'

'இத்தாலி: பேருக்குப் பின்னால் ஒரு குடும்பப் பெயர். ஸ்பானிஷ்: இரண்டு. அப்பாவுடையது, அம்மாவுடையது. நாம்: ஒரே ஒரு எழுத்து.'

'இரண்டு பேருக்கும்: அம்மா சொல்தான் கடைசி. மாதா படம் இல்லாத வீடு கம்மி. கை ஆட்டாமல் பேச வராது.'

ஒவ்வொரு வரியின் முடிவிலும் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி. எதையும் நிச்சயமாகச் சொல்ல அவளுக்கு வராது. கடைசியாக எழுதிய வரி, 'இத்தாலி: சாமந்தி கல்லறைக்கு.' அதற்கு எதிரே வலப்பக்கம் காலியாக இருந்தது. அதைக் கேட்க மறந்துவிட்டாள்.

*

காசிநாதன் மேசை மேல் இரண்டு பெரிய பொட்டலங்கள். வாசனையே காட்டிக்கொடுத்துவிட்டது.

"சாமந்தியா சார்?"

"பின்ன? முப்பது வருஷமா சரக்கு வாங்க பையர் வந்தா மாலை போட்டுதான் உள்ள கூப்புடறோம். இன்னைக்குன்னு பாத்து ஊரெல்லாம் இதான் பூத்துக் கெடக்கு."

"சார், இத்தாலிக்காரருக்கு இது வேணாம் சார். நான் அன்னைக்குக் கேட்டனே..."

காசிநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டார். "பேஜார்மா உன்னோட. நிச்சயமா தெரியுமா? இல்ல இதுக்கும் கேள்விக்குறி உண்டா?"

இதே கேள்வியைத்தான் அவளும் நாலு நாளாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மிஸ் சொன்னது ஒரு ஊர் வழக்கமாக இருந்தால்? அப்பாவின் முகத்தைச் செத்துப்போக வைத்தது வேறு ஏதாவது பேச்சாக இருந்தால்?

"நிச்சயம் சார்" என்றாள்.

ஜெயசீலன் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான். முக்கால் மணி நேரம் கழித்து வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். ஒரு கையில் ரோஜா மாலை. மறு கையில் ஆரஞ்சு நிறத்தில் கொழுகொழுவென்று இன்னொன்று.

"ரோசா ஒண்ணுதான் கெடச்சுது. இது செண்டுமல்லி."

"ண்ணா, சாமந்தி வேணாம்னு சொன்னேனே!"

"இது சாமந்தி இல்லடி, செண்டுமல்லின்றேன். வேற பூ. உனக்கு இன்னா, நான் இத்தாலிக்குப் போயா வாங்கிட்டு வர்றது?"

நோட்டைத் திறந்து பார்த்தாள். வலப்பக்கம் காலி. காலியான இடத்தில் தப்பு இருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"வர்றவங்க ரெண்டு பேருமே ஒரே ஜாடைதானேம்மா?" என்று காசிநாதன் காதோரம் கேட்டார். "ஒரே மாதா கோயிலு, ஒரே மாதிரி பேச்சு."

"தமிழும் மலையாளமும் மாதிரி சார்."

"ஓ. அப்ப சண்ட கியாரண்டி."

ஏர்போர்ட்டிலிருந்து வாடகைக் கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் ரெனாத்தோ. படத்தில் இருந்த கறுத்த முடி முழுக்க வெளுத்திருந்தது. அடுத்து மரிசோல், மெக்சிகோவில் செருப்புக்குப் பேர் போன லெயோன் ஊர்க்காரி, நாற்பது வயதிருக்கும். இப்போது இத்தாலிக் கம்பெனியில் டிசைனர். பழைய மாடல் ஒன்றை மறுபடி செய்ய ரெனாத்தோவை ஓய்விலிருந்து இழுத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான். இத்தாலியில் இரண்டு கன்னத்துக்கும் முத்தம், மெக்சிகோவில் ஒன்றுக்கு என்று ஷர்மிளா முன்கூட்டியே எச்சரித்திருந்ததால், காசிநாதன் இரண்டு கையையும் கேடயம்போல் கூப்பிக்கொண்டு நின்றார்.

ரோஜாவை அவர் போட்டார். செண்டுமல்லியை ஷர்மிளா போட்டாள்.

மரிசோல் மாலையை இரண்டு கையாலும் தூக்கி முகத்தைப் புதைத்தாள். தலை நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

ஷர்மிளா அவசரப்பட்டு, ஸ்பானிஷில் கேட்க வேண்டிய மன்னிப்பை இத்தாலியில் கேட்டுவைத்தாள்.

"எதற்கு மன்னிப்பு?" என்றாள் மரிசோல் ஆங்கிலத்தில். "இன்று என்ன நாள் என்று தெரிந்துதானே போட்டாய்? எங்கள் ஊரில் இது செத்தவர்களுக்கான பூ. விடிந்ததும் என் அம்மா இதன் இதழை வாசலிலிருந்து மேசை வரை உதிர்த்துக்கொண்டே போவாள். இந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் என் அப்பா வீட்டுக்கு வருவார். இந்த வருஷம் நான் அங்கே இல்லையே என்று விமானத்தில் அழுதுகொண்டே வந்தேன்."

"இன்னாவாம்?" என்றார் காசிநாதன் பதறி.

"செத்தவங்க பூவாம் சார்."

"அய்யய்யோ!"

"இல்ல சார். சந்தோஷமாம்."

காசிநாதன் ஒன்றும் புரியாமல் இன்னொரு முறை கும்பிட்டு வைத்தார்.

*

ரெனாத்தோ யாரும் வழி காட்டாமலே சாம்பிள் ரூமுக்கு நடந்தார். பதினாலு வருஷத்தில் சுவருக்கு வேறு வண்ணம் அடித்தாயிற்று, ஏ.சி. வந்தாயிற்று. ஆனால் ஜன்னலோரம் இரண்டாவது மேசை அப்படியே இருந்தது. அந்த மேசையில்தான் இருதயராஜ் அட்டையில் பேட்டர்ன் வெட்டுவார். "ஒரு மில்லிமீட்டர் ஜாஸ்தி" என்பார் ரெனாத்தோ. "அரை மில்லி கம்மி" என்பார் அப்பா. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பாஷையே அந்த இரண்டு வார்த்தைதான். ஷர்மிளாவின் ஒன்பதாம் வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர்கள் வீட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சாம்பாரைக் காட்டி "ஜாஸ்தி", மிளகாயைக் காட்டி "கம்மி" என்று அந்த வெள்ளைக்காரர் சொன்னதும், அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறியதும் அவளுக்கு நேற்றுப்போல் இருந்தது. அப்பா அப்படிச் சிரித்து அதற்கப்புறம் அவள் பார்த்ததில்லை.

மேசையில் வேறு ஒருவர் இருந்தார்.

"ராஜா?" என்று கேட்டார் ரெனாத்தோ. "ராஜா எங்கே?"

அறையில் இருந்த அத்தனை பேரும் ஷர்மிளாவைப் பார்த்தார்கள்.

நோட்டில் நாற்பது வாக்கியம் எழுதி, எண் போட்டு, மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். பயணம் எப்படி இருந்தது, அறை வசதியாக இருக்கிறதா, தோல் மாதிரி இங்கே இருக்கிறது. இந்த ஒரு வாக்கியம் அதில் இல்லை. இவருக்கு யாரும் எழுதித் தெரிவித்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"மியோ பாத்ரே" என்றாள். என் அப்பா. "மார்ச் மாதம்."

ரெனாத்தோ கழுத்திலிருந்த ரோஜா மாலையைக் கழற்றி, மேசை விளிம்பில் வைத்து, மரப்பலகையைக் கையால் தடவினார்.

"நீ அந்தச் சின்னப் பெண்ணா?" என்றார் பிறகு.

*

மத்தியானம் பிரியாணி, கூடக் கத்தரிக்காய். ரெனாத்தோ இலையில் சோறு தனி, கறி தனி, வெங்காயம் தனி என்று மூன்று எல்லை வகுத்துக்கொண்டு, சோற்றை முடித்த பிறகே கறிக்கு வந்தார். மரிசோல் கையாலேயே எல்லாவற்றையும் பிசைந்தாள். பச்சை மிளகாய் கேட்டு வாங்கிக் கடித்தாள்.

"இதுவா சாப்பாடு? சண்டை மாதிரி இருக்கிறது" என்றார் ரெனாத்தோ இத்தாலியில்.

"உங்களுடையது ஆபீஸ் மாதிரி இருக்கிறது" என்றாள் மரிசோல் ஸ்பானிஷில்.

அவரவர் பாஷையில் பேசினாலும் அவர்களுக்குப் புரிந்தது. ஷர்மிளாவுக்குப் பாதி புரிந்தது. மிச்சத்தை மரிசோல் ஆங்கிலத்தில் நிரப்பினாள். ஷர்மிளா அதைக் காசிநாதனுக்குத் தமிழில் இறக்கினாள். இப்படி ஒரு பேச்சு நாலு வாய் மாறிப் போய்க்கொண்டிருந்தது.

"எங்கள் ஊரில் செத்தவர்களை நாங்கள்தான் போய்ப் பார்ப்போம்" என்றார் ரெனாத்தோ. "கல்லைக் கழுவி, சாமந்தி வைத்து, விளக்கேற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அவர்களை யாராவது சாப்பிடக் கூப்பிடுவார்களா?"

"நாங்கள் கூப்பிடுவோம். அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைத்து மேசையில் வைப்போம். பாட்டுக்காரர்கள்கூடக் கல்லறைக்கு வருவார்கள்."

"கல்லறையில் பாட்டா!" ரெனாத்தோ சிலுவை போட்டுக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "எங்கள் அம்மா மட்டும்..." என்று இழுத்தார். "இந்த நாள் வந்தால் சமையலறையில் ஒரு பாத்திரம் தண்ணீர் மூடாமல் வைப்பாள். தாகத்தோடு வருவார்கள் என்பாள். நான் அதை மறந்தே போயிருந்தேன்."

"பார்த்தீர்களா? உங்கள் வீட்டுக்கும் வருகிறார்கள். என்ன, நீங்கள் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறீர்கள்" என்றாள் மரிசோல்.

"நாங்க அமாவாசைக்கு எலை போட்டுப் படைக்கிறோம், சொல்லும்மா" என்று காசிநாதன் முந்திக்கொண்டார். "எங்கப்பாவுக்கு வடை ஜாஸ்தி வெக்கணும், சொல்லு."

ரெனாத்தோ சிரிக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் லூச்சியாவிடம் இருப்பேன். இந்த வருஷம்தான் இல்லை. மகள் போயிருப்பாள்." பிறகு ஷர்மிளாவிடம் திரும்பினார். "ராஜாவிடம் என்னைக் கூட்டிப்போ."

கேட்க வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. இத்தனை பேருக்கு நடுவில், எச்சில் கையோடு, அவளால் கேட்க முடியவில்லை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

*

கல்லறைத் தோட்டம் மஞ்சளாகக் கிடந்தது. சுண்ணாம்பு அடித்த சிலுவைகள், மெழுகுவர்த்திப் புகை, ஊதுபத்தி, எல்லாக் கல்லறையிலும் சாமந்தி. ரெனாத்தோ வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இங்கேயுமா?" என்றார்.

"இங்கயும்தான். ஆனா கல்யாணத்துக்கும் இதேதான் போடுவோம்" என்று சொல்ல நினைத்தாள் ஷர்மிளா. இத்தாலியில் அதற்கு வாக்கியம் அமையவில்லை.

மரிசோல் தன் செண்டுமல்லி மாலையைக் கழற்றி, இதழைப் பிய்த்து வாசலிலிருந்தே உதிர்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்துக் கல்லறைப் பெண் ஒருத்தி, "இன்னாடி இது, பொண்ணு அழைப்பா?" என்று கேட்டுவிட்டு, தன் குழந்தை அந்த இதழ்களின் மேல் நடப்பதைத் தடுக்காமல் விட்டாள்.

சவுரியம்மாள் கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பொட்டலம். ஒன்றில் மல்லி, ஒன்றில் சாமந்தி. இரண்டையும் கட்டவில்லை. மகள் இன்னும் பதில் சொல்லவில்லையே.

ஆளைப் பார்த்ததும் எழுந்தாள். முகம் மலர்ந்தது. முதல் வார்த்தையே அதுதான் வந்தது.

"வாங்கய்யா! லூசியம்மா வரலியா? சொகமா இருக்காங்களா?"

ஷர்மிளா ரெனாத்தோவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா பதினாலு வருஷம் காத்துவைத்த பேச்சு, அவர் கல்லறை மேலேயே வந்து நிற்கிறது. "சொகமா இருக்காங்கம்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அப்பாவும் அதையே விரும்புவார்.

ஆனால் அப்படி முடித்தால், அவர் மேல் இருக்கும் கல்லை யார் எடுப்பது?

"ரெனாத்தோ" என்றாள். வார்த்தை வார்த்தையாக, பாதி இத்தாலி, பாதி ஆங்கிலம். "அந்த மாலை. சாமந்தி. எங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அப்பா மேல் உங்களுக்குக் கோபமா?"

ரெனாத்தோ ஒரு கணம் விழித்தார். புரிந்ததும் அவர் கை தானாக எழுந்து நெஞ்சில் போய் நின்றது. பேசத் தொடங்கினார். வேகமாக வந்தது, ஷர்மிளாவுக்குப் பாதிக்கு மேல் நழுவியது. மரிசோல் பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எடுத்துக்கொடுத்தாள். ஷர்மிளா அம்மாவுக்குச் சொன்னாள்.

"லூசியம்மா இல்லம்மா. அப்பவே தவறிட்டாங்க. இங்க வரும்போதே அவங்களுக்கு உடம்பு சரியில்லயாம். டாக்டர் நாள் குறிச்சிட்டாராம். சாவறதுக்கு முன்னாடி, இவரு வேல செய்யிற ஊரப் பாக்கணும்னு வந்தாங்களாம்."

சவுரியம்மாள் மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

"சாமந்தி அவங்க ஊர்ல கல்லறைக்குப் போற பூவாம். நீ கட்டுன மாலைய கார்ல போவும்போது கழட்டச் சொன்னாராம். அந்தம்மா மாட்டேன்னுட்டாங்களாம். 'நாளைக்கு எனக்கு இதைப் போடறப்ப நான் பாக்கவா போறேன்? வாசனை புடிக்கவா போறேன்? இந்த ஊர்லதான் உயிரோட இருக்கறப்பவே குடுத்தாங்க'ன்னு சொல்லி, ஏர்போர்ட் வரைக்கும் மடியில வெச்சிக்கிட்டே போனாங்களாம்."

ஷர்மிளா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சவுரியம்மாள் கல்லறையைப் பார்த்தாள். "இதுக்கா?" என்றாள். "இதுக்கா பதினாலு வருஷமா பூக்காரிய வெரட்டுன? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒரு நாள் அழுதுட்டு விட்டிருப்பேனே. பைத்தியக்கார மனுசா."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சாமந்திப் பொட்டலத்தை மடியில் கவிழ்த்தாள்.

"நாரப் புடிங்கய்யா."

ரெனாத்தோவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. எதிரே மண்டியிட்டு வாழைநாரின் நுனியைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு லூச்சியா பிடித்ததுபோலவே. பாதர் மூன்று வரிசை தள்ளித் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவதற்குள் விரல் பறந்தது. கடைசி முடிச்சு விழுந்தபோது மாலை படத்தில் இருந்த அளவுக்கே வந்துவிட்டது. பதினாலு வருஷம் கழித்து இருதயராஜுக்குச் சாமந்தி ஆயிற்று.

மந்திரித்துப் பாதர் நகர்ந்த பிறகு, ரெனாத்தோ தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். மரிசோல் புருவத்தைச் சுளித்துக்கொண்டு அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ராஜாவுக்குத்தான் தன் மேல் கோபமோ என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். லூச்சியா போன பிறகு, இத்தாலிக்கு வந்து என்னோடு ஒரு வருஷம் வேலை செய், தனியாக இருக்க முடியவில்லை என்று எழுதினாராம். ஆங்கிலத்தில், உங்கள் வீட்டு விலாசத்துக்கு. பதில் இல்லை. மறுபடி எழுதினாராம். மொத்தம் மூன்று கடிதம்."

"கடுதாசியா? ஒண்ணும் வரலியே" என்றாள் சவுரியம்மாள், மகள் தமிழில் சொன்னதும். "பகல்ல நாங்க ரெண்டு பேருமே டூட்டியில இருப்போம். வந்திருந்தா..."

மூன்று.

ஷர்மிளா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தைத் திருப்பினாள். ரெனாத்தோ எட்டிப் பார்த்தார். அவர் விரல் வந்து முதல் தபால்தலையின் மேல் நின்றது. அடுத்ததன் மேல் நின்றது. மூன்றாவதன் மேல் நின்றது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

தோட்டத்து வாசலில் மெழுகுவர்த்திப் பெட்டியோடு ஜெயசீலன் நின்றுகொண்டிருந்தான். தங்கை கையில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று அவ்வளவு தூரத்திலிருந்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தான்.

ஷர்மிளா ஆரஞ்சு இதழ்களை மிதிக்காமல் ஓரமாக நடந்து அவனிடம் போனாள்.

"ண்ணா. ஸ்டாம்ப அப்பா குடுக்கலியா?"

அவனுடைய இருபத்தேழு வயது முகத்துக்குள்ளிருந்து, பள்ளிக்கூடப் பையோடு தபால்காரனிடம் கைநீட்டிய பதின்மூன்று வயதுப் பையன் எட்டிப் பார்த்தான்.

"அப்பா அங்க போய்ட்டா அம்மா இன்னா பண்ணுவாங்க, நீ இன்னா பண்ணுவ?" என்றான் கடைசியில், அவளைப் பார்க்காமல். "அன்னைக்கு எனக்கு அதான் தெரிஞ்சிது."

"கடுதாசி எங்கண்ணா?"

சவுரியம்மாள் தூரத்தில் மாலையின் ஒரு மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஜெயசீலன் அவளையே பார்த்தான்.

"கிழிக்கல" என்றான். "மூணும் இருக்கு."